கொழுப்பு மிதக்கும்

கொழுப்பு மிதக்கும். அறுத்து எடுத்த மார்பகத்தை, அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டால் அது முழுகாது. ஒரு பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். மருந்து படாத அந்தப் பக்கம் காய்ந்து வீணாகும். அதனால் ஃபார்மலினில் நனைத்த காஸ் துணியை மேலே போர்த்திவிட வேண்டும். துணி மருந்தை உறிஞ்சி மேல்பக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும்.

தீபிகா கேட்டதற்காக நான் எழுதத் தொடங்கிய குறிப்பின் முதல் வரி இது. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பாத்தாலஜி லேபில் எனக்கு அடுத்து வந்த டெக்னீஷியன் அவள். ஆபரேஷனில் எடுத்த திசுவை ஒரு மருந்திலிருந்து அடுத்த மருந்துக்கு மாற்றிப் பதப்படுத்தும் வேலையை இப்போது புதிதாக வந்த மூடிய இயந்திரமே செய்துவிடுகிறது. "அக்கா, மெஷினுக்குத் தெரியாததை எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

நான் போவதற்கு இயந்திரம் காரணமில்லை. பதின்மூன்று வருஷம் ஃபார்மலினையும் சைலீனையும் சுவாசித்த நுரையீரல்தான் காரணம். இனி ஒரு நாள்கூட அந்த அறைக்குள் போகக் கூடாது என்றார் மூச்சு டாக்டர். தீபிகாவைப் பழக்க வேண்டும் என்று கெஞ்சி ஒரு மாதம் வாங்கினேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கொரட்டூரிலிருந்து என்னோடு ரயிலில் வரும் தோழிகள் மட்டும் சிரிக்கவில்லை. என் துப்பட்டாவின் வாடையை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

எதையும் வரிசைப்படுத்தி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. கத்தியின் கோணம், ஐஸின் நேரம், தண்ணீர்த் தொட்டியின் சூடு என்று குறிப்பு வேகமாக வளர்ந்தது. ஏழாவது வரியில் 'டப்பாவின் அளவு' என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. அதை ஒரு வரியில் அடக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டிப்ளமோ படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பப்பை என்று ஒழுங்காக வெட்டுப்படும் திசுக்களைக் கொடுத்தே எங்களைப் பழக்கினார்கள். கொழுப்பை வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். பதப்படுத்திய திசுவை மெழுகில் புதைத்து ஒரு பிளாக் செய்வோம். அதை முடியைவிட மெல்லிய நாடாவாகக் கத்தி சீவும். கல்லீரலின் நாடா பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். கொழுப்பின் நாடா சுருங்கும், கிழியும், நடுவில் ஓட்டை விழும். பிளாக்கை ஐஸ் மேல் வைத்துவிட்டு மறுபடி சீவ வேண்டும். அவசரப்படுகிற நாளில் அது வரவே வராது.

மெழுகு ஏறுவதற்கு முன்பு திசு சைலீனில் ஊறும். சைலீன் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். அதனால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது கொழுப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளை அறைகளாகத் தெரியும். உள்ளே இருந்தது போய்விட்டிருக்கும். சுவர் மட்டும் நிற்கும். தினமும் அதையே பார்ப்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று மனது பழகிவிடுகிறது. "வெறும் கொழுப்பு" என்போம். லேபில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

டாக்டர் பிரபாவதியின் முன்னால் மட்டும் சொல்ல முடியாது. ஸ்லைடுகளைப் பார்த்து நோயைச் சொல்லும் பாத்தாலஜிஸ்ட் அவர். அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஸ்லைடைப் பார்க்கும்போது இடது உள்ளங்கையை மேசை மீது விரித்து வைத்திருப்பார். அடுத்த ஸ்லைடு வேண்டுமென்றால் ஒரு விரல் தட்டும். பிடிக்காத எதையாவது பார்த்தால் ஐந்து விரல்களும் மெல்ல மடங்கும். அதைப் பார்த்ததும் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். எந்தத் திசு வந்தாலும், பெயரும் வயதும் கேட்பதற்கு முன் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எதுல வந்துச்சு?" டப்பாவையோ பாட்டிலையோ காட்ட வேண்டும்.

"மேடம் வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட, மாப்பிள்ளை பேரைக் கேக்காம எதுல வந்தாங்கனுதான் கேட்டிருப்பாங்க" என்று தீபிகா ஒருமுறை சொல்ல, பின்னால் வந்து நின்ற டாக்டர், "ஸ்கூட்டர்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'வெறும் கொழுப்பு' என்று நான் ஒதுக்கிய ஸ்லைடு ஒன்றை அவர் ஒருநாள் எடுத்து வைத்து, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பின் மறுபக்கம் என்னை உட்காரச் சொன்னார்.

"நித்யா, கேன்சருக்குத் தள்ளி இருக்கிற அறைங்களைப் பாரு. எப்படி இருக்கு?"

"பெருசா, உருண்டையா."

"இப்ப ஓரத்துக்கு வா. கேன்சரை ஒட்டி."

ஓரத்தில் இருந்தவை சிறுத்து, ஒடுங்கி, காற்றுப் போனவை மாதிரி இருந்தன. பக்கத்தில் வந்த புற்றுச் செல்கள் அவற்றிலிருந்து கொழுப்பை வாங்கி எரித்து வளர்கின்றன என்றார். வேறோர் இடத்தில் சாகப்போகும் ஒரு கொழுப்புச் செல்லைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் கிரீடம் போலக் கூடியிருந்தன. உடம்பு எடை கூடக் கூட இப்படிப்பட்ட கிரீடங்களும் கூடும். அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் அடுப்பு மாதிரி அது, அக்கம்பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் அந்தச் சூடு படும் என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜென் சுரப்பதை நிறுத்திவிடும், கொழுப்பு நிறுத்தாது. அந்த ஹார்மோனைத் தின்று வளரும் புற்றுக்கு அதுதான் சாப்பாடு.

"அதுக்காகக் குண்டா இருக்கிற எல்லாருக்கும் வரும்னு நினைச்சுடாத. ஒல்லியா இருக்கிறவங்களோட திசுவையும் நீதான் வெட்டுற. ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்க" என்றார்.

அடுத்த கோடையில் சகுந்தலா என்பவரின் திசு வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் சனிக்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை காலையில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. பித்தப்பைக்கும் கர்ப்பப்பைக்குமாக எங்கள் லேபே எல்லா ஆபரேஷன் தியேட்டருக்கும் கொடுத்து வைத்திருக்கும் டப்பா. அதில் ஒரே அளவுதான் உண்டு. வேறு அளவு வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை. வேண்டுமா என்று நாங்களும் கேட்டதில்லை. தியேட்டரில் யாரோ கவனமாகத்தான் வேலை செய்திருந்தார்கள். பெயர் அழகாக எழுதியிருந்தது. மருந்து சிந்தாமல் இருக்க மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

முழு மார்பகமும் அக்குள் கொழுப்பும் அந்த டப்பாவுக்குள் மடித்து அமுக்கப்பட்டிருந்தன. ஃபார்மலினுக்கு மிஞ்சியது சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு. வெளியே எடுத்து வைத்தேன். அது விரியவில்லை. டப்பாவின் வடிவத்திலேயே, உருளையாக, தட்டில் நின்றது.

நீளக் கத்தியால் துண்டு போட்டேன். வெளிப்பக்கம் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல இறுகியிருந்தது. உள்ளே போகப் போகத் திசு மங்கிக் குழைந்திருந்தது; வாடையும் வந்தது. இறைச்சியை வெயில் காலத்தில் வெளியே வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. கொழுப்பைத் தாண்டி மருந்து உள்ளே போகவில்லை. புற்றுக்கட்டி நட்டநடுவில் இருந்தது.

டாக்டர் பிரபாவதி வந்து நின்றார். "இது எதுல வந்துச்சு?"

காலி டப்பாவைக் காட்டினேன். அதை வாங்கித் திசுவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். "நல்லா இருக்கிற ஓரத்துல இருந்தும் எடு, நடுவுல இருந்தும் எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சில நாட்களில் ஸ்லைடுகள் தயாராயின. புற்றுநோய்தான் என்பதில் சந்தேகம் இல்லை. அடுத்தது ஹார்மோன் சோதனை. புற்றுச் செல்கள் ஈஸ்ட்ரோஜெனை வாங்கிக்கொள்ளும் வகையா என்று பார்ப்பது. ஆம் என்றால் செல்லின் உட்கரு பழுப்பு நிறமாகும். தினம் ஒரு மாத்திரையாகப் பல வருஷம் சாப்பிட்டு நோயை அடக்கி வைக்க வழி உண்டு. இல்லை என்றால் அந்த மாத்திரையால் பயன் இல்லை. அந்தக் கதவு மூடிவிடும்.

சகுந்தலாவின் ஸ்லைடில் எங்கும் பழுப்பு இல்லை. எல்லாம் நீலம்.

டாக்டரின் ஐந்து விரல்களும் மடங்கின. "இந்த முகத்துக்கு இந்தப் பதில் பொருந்தல" என்றார். வயது, எடை, ஒழுங்காகக் குழாய் கட்டி வளரும் சாதுவான புற்று: இப்படிப்பட்டது பெரும்பாலும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும். பிறகு பக்கத்திலிருந்த நோயில்லாத பால்குழாயைக் காட்டினார். அதில் கட்டாயம் பழுப்பு தெரிய வேண்டும். அதுவும் நீலமாகவே இருந்தது.

"நல்ல செல்லே பதில் சொல்லலியே. கேள்வி போய்ச் சேரல, நித்யா. இதைப் பதில்னு எப்படி எழுதுறது?"

ஆபரேஷன் செய்த டாக்டர் போனில் வந்தார். நெகட்டிவ் என்றால் நெகட்டிவ் என்று போட்டு அனுப்புங்கள், மேற்கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னது வெளியே எனக்கே கேட்டது.

"நெகட்டிவ் இல்ல டாக்டர். தெரியலை" என்றார் எங்கள் மேடம்.

"தெரியலைனு ரிப்போர்ட் குடுப்பீங்களா?"

"குடுப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கானு பார்க்கிறேன்."

ரிப்போர்ட் கேட்டு ஏற்கெனவே வந்துபோன அக்காவும் தங்கையும் மறுபடி வந்தார்கள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து டிபன் கடை நடத்துகிறார்கள். சகுந்தலாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஆபரேஷன் ஆன பக்கம் முந்தானையை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார். தங்கை லட்சுமி ஒடிசல். பையும் தண்ணீர் பாட்டிலும் அவர் தோளில்.

"ரிப்போர்ட் இன்னும் ரெடியாகலைம்மா" என்றேன்.

"இன்னாம்மா நீ, வந்தா வந்தா இதே சொல்ற. எங்க கடை மாவு அதுக்குள்ள புளிச்சிப் பொங்கி வழிஞ்சிருக்கும்" என்றார் லட்சுமி.

"நீ சும்மா இருடி. கண்ணு, முத்திப்போச்சா? அத்த சொல்லு" என்றார் சகுந்தலா.

"முத்தாம இன்னா பண்ணும்? உடம்பக் கொறை, உடம்பக் கொறைன்னு எத்தினி தபா சொல்லிகினு இருந்தேன். அடுப்பாண்ட குந்திகினு வடை தட்டறதுல பாதி வாய்க்குள்ள."

"நீ மட்டும் பட்டினியா கெடந்த? ரெண்டு பேரும் ஒரே வடைதான் தின்னோம். உனுக்கு எங்க போச்சு, எனுக்கு ஏன் இங்க குந்திகிச்சு? அத்தச் சொல்லு மொதல்ல."

பேச்சு சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நோயாளிகளைச் சந்திப்பது அவர் வேலையில் சேராது. நானும் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு சகுந்தலாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி போட்டுச் சதை எடுத்தாங்கல்ல, வேற லேப்ல? அப்ப சின்னதா ஒரு மெழுகுத் துண்டு குடுத்தாங்களா?"

"சோப்பு மாதிரி ஒண்ணு. ஆபரேசன் பண்ண டாக்டராண்ட காட்டனோம். பேப்பரு மட்டும் போதும்னு திருப்பிக் குடுத்துட்டாரு" என்றார் சகுந்தலா.

"அது இப்ப எங்க?"

சகுந்தலா தங்கையைப் பார்த்தார். "ஃப்ரிஜ்ஜுல கீது மேடம்" என்றார் லட்சுமி. "முட்டை வெக்கற எடத்துல. எங்குளுது ஷீட்டு ஊடு. வெயிலு ஏறிச்சின்னா மெழுகு உருகிப்பூடும்னு நாந்தான் எடுத்து வெச்சேன்."

டாக்டர் சிரித்தார். "அதைக் கொண்டு வாங்க. அதுல இருக்கிறது நூல் மாதிரி மெல்லிசான சதை. மருந்து நல்லா ஏறியிருக்கும். அதுல மறுபடி பார்க்கிறேன்."

லட்சுமி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சகுந்தலா எழவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா டாக்டரம்மா? எனுக்கு உடம்பு கூடிப்போனதாலதான் இது வந்துச்சா? இவ சொல்றா. அக்கம்பக்கத்துல சொல்றாங்க. அங்க டாக்டரும் வெயிட்டு வெயிட்டுன்றாரு. பொய் சொல்லாத சொல்லு."

"உடம்பும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தானான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இனிமே எடை கூடாம பார்த்துக்கிறது நல்லது, அது நிஜம். ஆனா இந்த ரிப்போர்ட் தள்ளித் தள்ளிப் போகுதே, அதுக்குக் காரணம் உங்க உடம்பு இல்ல. நாங்க குடுத்த டப்பா. அது சின்னது. உங்க சதை அதுல அடங்கல. அமுக்கி வெச்சதுல மருந்து உள்ள போகல. தப்பு டப்பாவோடது."

சகுந்தலா என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"பஸ்ஸுல சீட்டு பத்தாது. கடைல ஜாக்கெட்டு பத்தாது. ஸ்கேன் எடுக்கச் சொல்ல அந்த மேசை பத்தல. அறுத்து எடுத்த பொறவும் பத்தலியா?"

லட்சுமி அக்காவின் முதுகில் கையை வைத்து, "எந்திரி, போயி அத்த எடுத்துகினு வருவோம்" என்றார். அதுவரை கேட்காத குரல் அது. அன்று மதியமே டிபன் டப்பாவில் ஐஸ் நிரப்பி, அதன் நடுவே பாலிதீன் பையில் சுற்றிய பிளாக்குடன் தனியாக வந்து நின்றார். "கொஞ்சூண்டுதான் கீது. பாத்து வெட்டும்மா" என்றார்.

கொஞ்சூண்டுதான் இருந்தது. மெழுகுக்குள் நூலாக மூன்று இழைகள். அதிகம் சீவினால் தீர்ந்துபோகும். புதுக் கத்தி மாட்டினேன். பிளாக்கை ஐஸ் மீது வைத்து எடுத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். முதல் நாடா சுருங்கியது. இரண்டாவது நேராக வந்தது. தண்ணீரில் விரித்து ஸ்லைடில் ஏற்றினேன். பக்கத்திலேயே, சரியாகப் பழுப்பாகும் என்று தெரிந்த வேறொரு திசுவையும் வைத்தேன். மருந்துகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்வரை அந்த அறையை விட்டு நகரவில்லை.

டாக்டர் பார்க்கும்போது அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கவில்லை. "வா, உட்காரு" என்றார். மறுபக்கக் கண்ணாடியில் குனிந்தேன். மூன்று இழைகளிலும் உட்கரு உட்கருவாக, காப்பித்தூள் தூவியது மாதிரி பழுப்பு.

"கேள்வி போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார்.

மாத்திரை தொடங்கினார்கள். கொழுப்பு ஈஸ்ட்ரோஜென் தயாரிப்பதைத் தடுக்கும் மாத்திரை. நோய் திரும்பாது என்று அந்த ஸ்லைடு சொல்லவில்லை. எந்த ஸ்லைடும் அப்படிச் சொல்லாது. திறந்திருக்க வேண்டிய கதவு மூடிவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் நாங்கள் செய்தது.

உடல் பருமனுக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். உண்டு, அந்தச் சிறுத்த அறைகளையும் கிரீடங்களையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தொடர்பு முழுவதும் செல்லுக்குள்தான் இருக்கிறது என்று என்னால் இப்போது நினைக்க முடிவதில்லை. ஒரு பெரிய உடம்பு ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் மேசை, கருவி, டப்பா என்று எல்லாமே நடுத்தர உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவையாக இருக்கின்றன. அவற்றில் எங்கெங்கே மருந்து போய்ச் சேரவில்லையோ, அதையும் கடைசியில் அந்த உடம்பின் கணக்கில்தான் எழுதுகிறோம்.

சில மாதங்கள் கழித்து அக்காவும் தங்கையும் மறுபடி படியேறி வந்தார்கள். சகுந்தலாவுக்கு இப்போது வேறு தொல்லை. உடம்பு தேற வேண்டும் என்று தெருவே ஆட்டுக்கால் சூப்பும் முட்டையுமாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரு கொறைன்றாரு, தெரு தேத்துன்னுது. நா யார் பேச்சக் கேக்க? ஆறு கிண்ணம் திருப்பிக் குடுத்துட்டேன். நாலு ஊட்ல பேச்சே இல்ல."

"சாயங்காலம் ஏரியச் சுத்தி நடக்கறோம்" என்றார் லட்சுமி. "நடக்கறது கொஞ்சம். பெஞ்சுல குந்திகினு ஊர்க்கதை பேசறது நெறைய."

"மாத்தர போட்டா முட்டி வலிக்குது, நீ போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு சகுந்தலா கீழே ஆட்டோவில் இருந்ததை எடுத்துவரச் சொன்னார். லட்சுமி இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி வந்தார். அகல வாய், இறுக்கமான மூடி. ஹோட்டல்காரர்கள் மாவு வைக்க வாங்குவது.

டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இது எதுக்கு?"

"பெரிய உடம்புக்குப் பெரிய டப்பா வோணாமா? என்னிய மாரி இன்னொருத்தி வந்தா அமுக்காதீங்க."

"இதுக்காவ ஒரு நாள் கடை வேலையே கெட்டுச்சு" என்று லட்சுமி தலையில் அடித்துக்கொண்டார். "பாத்திரக் கடைல அக்கா ஒவ்வொரு டப்பாவா நெஞ்சாண்ட தூக்கித் தூக்கி வெச்சிப் பாக்குது. கடைக்காரரு அரண்டு போயிட்டாரு."

"பின்ன எப்டி அளவு பாக்கறது? மிச்சம் கீறத வெச்சித்தான் பாக்கணும்" என்றார் சகுந்தலா.

டாக்டர் டப்பாக்களை வாங்கி, இரண்டிலும் பாதிக்கு மேல் ஃபார்மலின் ஊற்றச் சொல்லி, அன்றே தியேட்டர்களுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமையிலும் திசு வாங்க ஆள் இருக்க வேண்டும் என்று லேபில் ஏற்பாடானது. பிறகு அதே அளவில் லேபே வாங்கத் தொடங்கியது.

என் கடைசி நாளன்று வேலை அதிகம் இல்லை. பதினொரு மணி வாக்கில் திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மார்பகத் திசு வந்தது. யார் என்று தெரியாத, பெரிய உடம்புக்காரரான ஒரு பெண்ணுடையது. தீபிகா கையுறை போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். உள்ளே போக நான் கெஞ்சி வாங்கிய ஒரு மாதம் முடிந்துவிட்டது.

"இது எதுல வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

தீபிகா மூடியைத் திறந்து, காஸ் துணியை விலக்கிக் காட்டினாள். டப்பாவில் சகுந்தலா வாங்கி வந்தபோதிருந்த பாத்திரக் கடை ஸ்டிக்கரின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தத் திசு எங்கும் மடங்காமல் மிதந்துகொண்டிருந்தது.